நெடும்பயணியின் சுமை: உறுதி என்னும் பண்பு பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பொருள் ஒன்றை வாங்குங்கால் ‘இது நீடித்து உழைக்குமா?’ என வினவாதார் இலர். இவ்வினா சந்தைக்குரியது, விலையோடும் தரத்தோடும் முடிந்துவிடுவது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், ஒரு பொருளை உறுதியானது எனக் கூறும்போது நாம் யாரை நம்புகின்றோம், யாருக்குக் கடன்படுகின்றோம், எதனை இழக்க அஞ்சுகின்றோம் என்பன அக்கூற்றினுள் மறைந்து கிடக்கின்றன. இவை ஒழுக்கவியல் வினாக்களேயாம். இவற்றை வெளிக்கொணர்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாக, துவிச்சக்கரவண்டியில் நாடுகள் பல கடந்து செல்லும் நெடும்பயணி தமக்குரிய பொருள்களைத் தெரிவுசெய்யும் முறையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

நெடும்பயணியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. வீட்டில் வாழ்பவர் தம் உடைமைகளின் பாரத்தை உணர்வதில்லை. சுவர்களும் அலுமாரிகளும் அதனைத் தாங்குகின்றன. மோட்டார் வாகனத்திற் செல்பவருக்காக எரிபொருள் உழைக்கின்றது. துவிச்சக்கரவண்டிப் பயணியோ தாம் உடைமையாகக் கொண்ட ஒவ்வொரு கிலோகிராமையும் ஒவ்வொரு மேட்டிலும் தம் கால்களாலேயே ஏற்றவேண்டியவர். வள்ளுவர் துறவுக்கு ஓர் அதிகாரமும் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தமையை நாம் அறிவோம். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, எவ்வளவு போதும் என்பதை நாள்தோறும் கணக்கிடுபவர் இப்பயணி. ஆதலின் அவருடைய தெரிவுகளிலே நம் அனைவருடைய தெரிவுகளும் தெளிவாகத் தெரிகின்றன.

உறுதி என்பதன் முதற்பொருள் உடையாமை. 1982ஆம் ஆண்டில் யேர்மனியைச் சேர்ந்த ஹார்ட்மூட் ஓர்ட்லீப் என்பவர், லொறிகளை மூடும் தறப்பாளைக் கொண்டு துவிச்சக்கரவண்டிப் பைகளைச் செய்யத் தொடங்கினார். தையல் போட்டால் ஊசித் துளை வழியே நீர் புகும் என்பதனால், விளிம்புகளை உருக்கி இணைக்கும் முறை பிற்காலத்தில் இத்தகைய பைகளுக்குப் பொதுவாயிற்று. 1998இல் அதே நாட்டில் வெளிவந்த றோலொவ் நிறுவனத்தின் பதினான்கு நிலைப் பற்சக்கரத் தொகுதி, பின்சில்லின் குடத்தினுள்ளே எண்ணெயில் மூழ்கி இயங்குவது. சேறும் மணலும் அதனை அணுகா. 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினாற் போதும். இத்தகைய பொருள்களின் சிறப்பை மறுத்தல் இயலாது. பாலைவழியில் பழுதின்றிச் செல்லுதல் சிறு நன்மையன்று.

இரண்டாவது பொருள் திருத்தப்படக்கூடிய தன்மை. ஹைன்ஸ் ஸ்ரூக்க என்னும் யேர்மானியர் 1962இல் மூன்று நிலைப் பற்சக்கரம் பூட்டிய உருக்கு வண்டியொன்றில் ஊரை விட்டுப் புறப்பட்டு, ஐந்து தசாப்தங்களில் 600,000 கிலோமீற்றருக்கும் மேலாகப் பயணஞ் செய்தார். அவ்வண்டியின் சட்டம் உடையாத சட்டமன்று. அது பலமுறை உடைந்து பலமுறை ஒட்டப்பட்டது. உருக்கைக் காய்ச்சி ஒட்டுதல் வாயுச் சுவாலையும் பழகிய கையும் உள்ள எந்தப் பட்டறையிலும் இயலும். அலுமினியச் சட்டத்துக்கோ தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். ஒட்டியபின் இழந்த வலிமையை மீட்கச் சூட்டுப் பரிகரிப்பும் வேண்டும். மேலும், குறித்ததோர் அளவுக்குட்பட்ட அழுத்தத்தை உருக்கு எத்தனை முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு அழுத்தமும் பன்முறை மீளுமாயின் காலப்போக்கில் அதில் வெடிப்பை உண்டாக்கும்.

இவ்விரு பொருள்களையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். உடையாத பொருளை நாடுபவர் தொலைவிலுள்ள ஆக்குநரை நம்புகின்றார். மூடி முத்திரையிடப்பட்ட பற்சக்கரத் தொகுதி அரிதாகவே பழுதுறும். ஆனால் அதன் உட்பாகங்கள் பழுதுறின் வழியிலுள்ள எவராலும் திருத்தவியலாது, தொழிற்சாலைக்கே அனுப்பவேண்டும். திருத்தத்தக்க பொருளை நாடுபவரோ முன்பின் அறியாத ஊரிலுள்ள முன்பின் அறியாத ஒரு தொழிலாளியை நம்புகின்றார். முன்னவர் மனிதரிடமிருந்து விடுதலை பெற முயல்கின்றார். பின்னவர் மனிதரிடையே தங்கிவாழ ஒப்புக்கொள்கின்றார். அயர்லாந்தைச் சேர்ந்த டேர்வ்லா மேர்பி 1963இல் ஐரோப்பா, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தனியே டில்லி வரை சென்றவர். புறப்படுமுன் அவர் தம் வண்டியின் பற்சக்கர மாற்றியைக் கழற்றிவிட்டார். கரடுமுரடான தெருக்களில் அது தாங்காது என்பது அவர் கணிப்பு. நுணுக்கத்தைக் குறைத்து உறுதியைப் பெற்ற தெரிவு அது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். திருத்தத்தக்க பொருள் சிறந்தது எனப் போற்றுதல், குறைந்த கூலிக்கு உழைக்கும் ஊர்த் தொழிலாளியின் வறுமையை அழகுபடுத்துவதாகாதா? செல்வ நாட்டுப் பயணி ஒருவர் சில நாணயங்களுக்குச் சட்டத்தை ஒட்டுவித்துக்கொண்டு ‘மனித உறவு’ எனப் பெருமைப்படுதல் போலித்தனமன்றோ? இம்மறுப்பிலே உண்மை உண்டு. மேர்பியும் உள்ளூர்க் கடைகளை மாத்திரம் நம்பவில்லை. மாற்று ரயர்களை வழியிலுள்ள இடங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்தார். எனினும், இம்மறுப்பு கூலியின் நியாயம் பற்றியதேயன்றித் திருத்தும் தன்மையின் பெறுமதி பற்றியதன்று. தொழிலாளிக்கு உரிய கூலியைக் கொடுத்தல் பயணியின் கடமை. திருத்தவியலாத பொருளைச் சுமந்து செல்வதனால் அக்கடமை நிறைவேறுவதில்லை. அத்தொழிலாளியின் தேவையே இல்லாது போகின்றது.

இன்னொன்றும் இங்கு நோக்கற்பாலது. நெடும்பயணிகள் நீண்டகாலமாக 26 அங்குலச் சில்லையே பரிந்துரைத்து வந்தனர். 559 மில்லிமீற்றர் விட்டமுடைய அவ்விளிம்புக்குரிய ரயர் ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும் என்பதே காரணம். மலைவண்டி ஆக்குநர்கள் 584, 622 மில்லிமீற்றர் அளவுகளுக்கு மாறிய பின்னர் இப்பரிந்துரை வலுக்குன்றி வருகின்றது. சில்லு மாறவில்லை, அதன் உலோகமும் மாறவில்லை, ஆயினும் அது முன்னைய அளவுக்கு உறுதியானதன்று. நம் நாட்டுப் பெருவண்டிகளின் 28 அங்குலச் சில்லோ 635 மில்லிமீற்றர் விட்டமுடையது. தென்னாசியாவில் எளிதிற் கிடைக்கும் அதன் ரயர் வேறு பல நாடுகளில் அரிது. எனவே உறுதி என்பது பொருளின் உள்ளே உறையும் குணம் மாத்திரமன்று. பொருளுக்கும் அதைச் சூழ்ந்த உலகுக்கும் இடையிலுள்ள ஓர் உறவு எனலாம்.

உறவு எனக் கொண்டபின், யாருடன் கொள்ளும் உறவு என்ற வினா எழுகின்றது. பயணியின் மழையங்கி இதற்குத் தக்க சான்று. 1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் பொலிரெற்றாபுளோரோஎதிலீனைச் சடுதியாக இழுத்து நுண்துளைப் படலமாக்கும் வழியைக் கண்டார். மழைத்துளி உட்புகாது, வியர்வையின் ஆவி வெளியேறும். நனைந்து குளிரில் நடுங்கிய பயணிகளுக்கு அது பேருதவியாயிற்று. ஆனால் இப்படலத்தையும், அங்கியின் மேற்பூச்சையும் ஆக்கப் பயன்பட்டவை காபனும் புளோரீனும் பிணைந்த சேர்வைகள். இயற்கையில் எளிதிற் சிதையாத பிணைப்பு அது. பொலிரெற்றாபுளோரோஎதிலீன் உற்பத்தியிற் பயன்பட்ட பெர்புளோரோஒக்ரனோயிக் அமிலம் ஆறுகளிலும் மனிதக் குருதியிலும் கண்டறியப்பட்டது. 2019இல் அது ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் விலக்குப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இவ்வகைச் சேர்வைகள் சேர்ந்த ஆடைகளைக் கலிபோர்னியா 2025 ஜனவரியிலிருந்தும், பிரான்ஸ் 2026 ஜனவரியிலிருந்தும் சில விலக்குகளுடன் தடைசெய்தன. கடும் மழைக்குரிய ஆடைகளுக்குக் கலிபோர்னியா 2028 வரை தவணை வழங்கியமை, மாற்று வழி எளிதன்று என்பதற்குச் சான்றாகும்.

இங்குள்ள முரண் ஆழமானது. மழையங்கியின் மேற்பூச்சு சில பருவங்களிலேயே தேய்ந்து பயனற்றுப் போகின்றது. தேய்ந்து வெளியேறிய சேர்வையோ தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றது. பயன் குறுகியது, பொருண்மை நெடியது. ‘நீடித்து உழைக்கும்’ என்னும் தொடரில் ‘நீடித்தல்’ வேறு, ‘உழைத்தல்’ வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல எடுத்துக்காட்டு அரிது. மறுபுறத்தில், மெழுகு பூசிய பருத்தித் துணி பாரமானது, மெதுவாகவே உலர்வது, இடைக்கிடை மெழுகிடுமாறு உடையவரை வேண்டுவது. தோலாசனமும் அத்தகையதே. மழையில் நனையாமற் காக்கவேண்டும், எண்ணெயிட வேண்டும், தளரும்போது திருகாணியால் இறுக்கவேண்டும். தம் பராமரிப்பை உடையவரிடமே கேட்கும் பொருள்கள் இவை. உடையவரிடம் எதனையும் கேளாத பொருள் சிலவேளைகளில் அறியாத பிறரிடம், இன்னும் பிறவாத பிறரிடம் கேட்கின்றது. பராமரிப்பு என்னும் உழைப்பை ஏற்றல், நமது வசதிக்கான விலையை நாமே செலுத்துதலாகும்.

உறுதிப்பொருளை நாடுவதில் மற்றொரு இடரும் உண்டு. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கிரேக்க மெய்யியலாளர் எபிக்ரீற்றஸ், தம் வீட்டிலிருந்த இரும்பு விளக்கு களவுபோனபோது, இனி மண்விளக்கொன்றைத் தேடிக்கொள்வோம் எனத் தேறினார். மண்விளக்கு இரும்பு விளக்கிலும் உறுதி குறைந்தது. ஆயினும் அதனைக் காக்க விழித்திருக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த பற்சக்கரத்தையும் பையையும் பூட்டிக் காவலிருக்கும் பயணி, காணவந்த ஊரைக் காணாது திரும்பலாம். அவர் இறந்தபின் அம்மண்விளக்கை ஒருவர் மூவாயிரம் திராக்மாவுக்கு வாங்கியதாக லூசியன் எள்ளி எழுதியுள்ளார். விளக்குடன் ஞானமும் வரும் என அவர் எதிர்பார்த்தாராம். பெரும்பயணிகள் பயன்படுத்திய பொருள்களை வாங்கினால் அவர்தம் மனவலிமையும் வந்துசேரும் என எண்ணுவோர் இன்றும் உளர். 1884 முதல் 1886 வரை உயர்சில்லு வண்டியில் உலகைச் சுற்றிய தோமஸ் ஸ்ரீவன்ஸ் கொண்டுசென்றவை மாற்றுச் சட்டை, காலுறைகள், கைத்துப்பாக்கி, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழையங்கி ஆகியன போன்ற சிலவே. ஒரே பொருளை மூன்று பயனுக்குக் கொள்ளும் அறிவு கடையில் விற்கப்படுவதன்று.

வறியவருக்கு இத்தகைய தெரிவு உண்டா என்று வினவலாம். உறுதியான பொருளின் விலையை ஒரே முறையிற் கொடுக்கவியலாதவர் மலிவானதைப் பன்முறை வாங்கி ஈற்றில் அதிகஞ் செலவிடுகின்றார். அவரை நோக்கிச் சிக்கனம் போதித்தல் அறமன்று. ஆனால் உடையாமைக்கு விலை மிகுதி. திருத்தத்தக்க தன்மைக்குப் பெரும்பாலும் விலை குறைவு. பழைய உருக்கு வண்டியொன்றை வாங்கித் திருத்திச் செல்வதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. உறுதியின் இரண்டாம் பொருளை முதன்மைப்படுத்துதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். இது உடைந்தால் யார் திருத்துவர்? இது பயனற்றுப் போனபின் எங்கே எஞ்சும், யாரைச் சேரும்? இது தொலைந்தால் நான் தொடர்ந்து செல்வேனா? இம்மூன்றும் ஒன்றோடொன்று முரணுமிடத்து இரண்டாம் வினாவுக்கே முதலிடம் அளித்தல் தகும்; முதலாவதிலும் மூன்றாவதிலும் துன்புறுபவர் தெரிவுசெய்த நாமே, இரண்டாவதில் துன்புறுபவரோ தெரிவில் இடமே பெறாத பிறர். ஒரு விலக்கு மாத்திரம் உண்டு. பிறேக் போன்று உயிரைக் காக்கும் உறுப்புகளில் உடையாமையே முதற்கண் நாடத்தக்கது. அங்கு ஒருமுறை உடைதலே இறுதியாகிவிடலாம்.

நெடும்பயணம் மேற்கொள்வோர் சிலரே. ஆயினும் வீட்டுச் சுவர்கள் நம் சுமையை மறைப்பதனால் அச்சுமை இல்லாது போவதில்லை. பயணி தம் கால்களில் உணரும் பாரத்தை நாம் நம் அறிவினால் உணரவேண்டியவர்களாயுள்ளோம். அவ்வாறு உணர்ந்து தெரிவுசெய்தல் சிக்கனம் என்பதனினும் மேலானது. நம் உடைமையின் பாரம் பிறர்மேல் இறங்காமற் பார்த்துக்கொள்ளும் நீதி அது.