காவலனின் வயது

புனோம் பென்னில் இருக்கும் துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்குள் நுழையும் எந்த மாணவருக்கும் அது என்ன இடம் என்று விளக்க வேண்டியதில்லை. நீள வராந்தா, வரிசையாக அறைகள், நடுவில் மைதானம். பள்ளிக்கூடம்தான். 1975இல் கெமர் ரூஜ் படை நகரத்தைப் பிடித்து மக்களையெல்லாம் கிராமங்களுக்கு விரட்டியது. அதன் பிறகு இந்த உயர்நிலைப் பள்ளி எஸ்-21 என்ற ரகசியச் சிறையானது. வகுப்பறைக்குள்ளேயே செங்கல் வைத்து, ஓர் ஆள் படுக்க மட்டும் இடமுள்ள கொட்டடிகள் கட்டினார்கள். கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் செத்துவிடக் கூடாதென்று வராந்தாவை முள்கம்பியால் மூடினார்கள். மாணவர்கள் உடற்பயிற்சி செய்த கம்பத்தில் மனிதர்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 12,272 பேர் என்று பின்னாளில் நீதிமன்றம் பதிவு செய்தது.

வெளிநாட்டில் ஆசிரியராக இருக்கும் தோழி ஒருத்தி தன் வகுப்பை அங்கே கூட்டிப்போனாள். திரும்பியதும் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும், வழக்கம்போல. சுவர் முழுக்க இருக்கும் கைதிகளின் படங்கள் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் நானாக இருந்திருந்தால், அந்தக் குழந்தை என் தம்பியாக இருந்திருந்தால். "யாரும் பொய் எழுதல. ஆனா அத்தனை பேரும் கைதியா மட்டும்தான் நின்னு பாத்திருக்காங்க" என்றாள். ஒரே ஒரு பையன் மட்டும் பஸ்ஸில் வேறொன்று கேட்டிருக்கிறான். காவலுக்கு நின்றவர்களுக்கு என்ன வயசு?

அவன் வயசுதான். கிராமத்துப் பதின்வயதுப் பையன்கள் பலர். அதற்கும் சின்னவர்கள் உண்டு.

இந்த மாதிரி இடங்களுக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும்போது நாம் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன். செத்தவர்களின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அங்கே நின்றால் அழுகை வரும், கோபம் வரும், "இனி ஒருபோதும்" என்று எழுத வரும். எல்லாம் நல்ல உணர்ச்சிகள்தான். (அங்கே போய் செல்ஃபி எடுப்பவர்களைத் திட்டுவது சுலபமான கட்டுரை. அதை வேறு யாராவது எழுதட்டும்.) ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு மாணவருக்கு உண்மையிலேயே ஏதாவது கேள்வி காத்திருக்கிறது என்றால், அது சாவியோடு வராந்தாவில் நடந்தவனிடமிருந்துதான் வருகிறது.

ஆசிரியர்களுக்கும் அங்கே ஒருவர் காத்திருக்கிறார். சிறையின் தலைவர் டுச், கணித ஆசிரியர். பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலங்களை உட்கார்ந்து முழுக்கப் படிப்பார். ஓரத்தில் குறிப்பு எழுதுவார், பல சமயம் சிவப்பு மையில். இது தெளிவாக இல்லை, இதை மறுபடி கேள். அவருக்கு ஆசிரியராக இருந்தவரே கைதியாக அங்கே வந்தார், தப்பவில்லை. போல் போட் புனோம் பென்னில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தவர். டுச்சுக்கு மேலே இருந்த சோன் சென் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர். பள்ளிகளை மூடி ஆசிரியர்களைக் கொன்ற ஆட்சியை நடத்தியவர்களில் இத்தனை ஆசிரியர்கள்.

அப்படியானால் எஸ்-21 காவலனிடம் எதிர்பார்க்கப்பட்டது என்ன? நேரத்துக்கு வர வேண்டும். தூங்கக் கூடாது. கைதியிடம் பேசக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும், எதிர்க்கேள்வி கூடாது. பதிவேட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் நாம் வகுப்பில் பாராட்டுகிற பையனின் குணங்களோடு இதை வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடமும் சிறையும் ஒன்று என்று கல்லூரி மேடையில் பேசுவதைப் போலப் பேச வரவில்லை. ஒன்றல்ல. ஆனால் கீழ்ப்படிதல் என்ற ஒரு குணத்தை மட்டும் தனியாக எடுத்தால், அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

இதற்குப் பலமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. ரித்தி பான் 2003இல் எடுத்த எஸ்-21 பற்றிய ஆவணப்படத்தில், பழைய காவலர்களை அதே கட்டடத்துக்குக் கூட்டிவருகிறார். உயிர் தப்பியவர்களில் ஒருவரான ஓவியர் வான் நாத் அவர்கள் எதிரே உட்கார்கிறார். நாங்களும் பலியானவர்கள்தான், மாட்டேன் என்றால் எங்களைக் கொன்றிருப்பார்கள் என்கிற பேச்சு வருகிறது. அது பொய்யும் இல்லை. சிறையில் வேலை பார்த்தவர்களே பலர் அங்கே கைதியாகிச் செத்திருக்கிறார்கள். வான் நாத் சத்தம் போடவில்லை. நீங்களும் பலியானவர்கள் என்றால், இங்கே கைதியாக இருந்த நான் யார் என்கிற மாதிரி கேட்கிறார்.

காவலனின் இடத்தில் நின்று பார் என்று மாணவரிடம் சொல்லும் ஆசிரியர் இந்தக் கேள்வியையும் கூடவே கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் 'பாவம், அவனும் சின்னப் பையன்' என்பதில் போய் முடியும். புரிந்துகொள்வதற்கும் மன்னிப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் பதினாறு வயதில் எல்லோருக்கும் பிடிபடுமா என்றால், நாற்பதிலும் பலருக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் அந்த ஆபத்தோடுதான் போக வேண்டும் என்பது என் கட்சி. கைதியின் இடத்தில் மட்டும் நின்றுவிட்டு வந்தால், கொடுமை செய்பவன் எப்போதும் வேறு யாரோ. வேறு நாடு, வேறு மொழி, வேறு ரத்தம்.

அதே படத்தில் ஒரு காட்சி. சிறுவனாக அங்கே காவலுக்கு வந்து, இப்போது பெரியவனாகிவிட்ட ஒருவர், காலி அறையில் தன் பழைய வேலையைத் தனியாகச் செய்து காட்டுகிறார். இல்லாத பூட்டை இழுத்துப் பார்க்கிறார். இல்லாத கைதியை அதட்டுகிறார். தண்ணீர் கொடுக்கிறார். கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. யோசித்து நடிப்பதாகத் தெரியவில்லை. வீட்டுப்பாடத்தை ஒப்பிப்பது மாதிரிதான் இருக்கிறது. மாணவர்களுக்கு நான் காட்ட நினைப்பது இந்தச் சில நிமிடங்களைத்தான்.

தோழி அடுத்த வருடம் கேள்வியை மாற்றினாள். ராத்திரிக் காவலுக்கு நிற்பவனின் ஒரு மணி நேரத்தை எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளிடம் இதையெல்லாமா கேட்பது என்று இரண்டு பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். சிலர் ஒரு வீரக் காவலனை உருவாக்கி, அவன் கதவைத் திறந்துவிடுவதாக எழுதினார்கள். மூன்று பேர் வெறும் தாளைக் கொடுத்தார்கள். சோம்பலா, எழுத முடியவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.