நடுக்கள வீரனுக்கு யார் பொறுப்பு?

முள்ளுக்குறிச்சி, கொல்லிமலை அடிவாரத்து ஊர். அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் நன்றாகக் கால்பந்து ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கோல் அடிக்கிறவன் அல்ல. நடுக்களத்தில் நின்று, எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னால் ஓடுகிறவனுக்கு ஒழுங்காகக் கொடுக்கிறவன். அவனை விளையாட்டு விடுதியில் சேர்க்கலாம் என்கிறார் பி.டி. வாத்தியார். "பந்து சோறு போடுமா சார்?" என்று கேட்கிறார் அப்பா. இதை விவரம் தெரியாதவரின் கேள்வி என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். உண்மையில் இந்த விஷயத்தின் அறமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையின் 12, 15 ஆண்டுகளை விளையாட்டு எடுத்துக்கொண்டால், அதன் பிறகு அவனுக்கு யார் பொறுப்பு?

திறமை இருந்தால் மேலே வந்துவிடுவான் என்பது வழக்கமான பதில். மேலே வந்தவர்களையே பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்ற மீனவர் கிராமத்திலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் பெயர் பெற்று, ஜாம்ஷெட்பூருக்கு ஆடி, 2019இல் இந்திய அணியின் சட்டையும் அணிந்தார். 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியோடு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றார். அடுத்த பருவத்தின் முதல் போட்டி 2020 நவம்பர் 20 அன்று. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவம் அவருக்கு அதோடு முடிந்தது. அப்போது வயது 26. பெரிய அணியில் இருப்பவருக்கு மருத்துவரும் ஒப்பந்தமும் துணை நிற்கும். அதே அடி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி மலப்புறம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆடப் போன பையனுக்குப் பட்டால், ஊர் திரும்பும் பஸ் டிக்கெட்கூட அவன் காசுதான்.

கால் உடையாவிட்டாலும் அணி உடையலாம். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி ஐ-லீக் பட்டத்தை வென்றது சென்னை சிட்டி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல்முறை. எவ்வளவு பெரிய சாதனை அது! 2021-22 பருவத்து ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற சிலர் பட்டம் வென்ற ஆண்டே இந்தியன் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்சிக்கு ஏறிவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு படி கிடைப்பதில்லை.

அந்த மேல்படியும் ஆடத்தான் செய்கிறது. 2025 ஜூலையில், வணிக உரிமை பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் முதன்மை அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தியது. கிளப்புகளுக்கும் நட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உரிமை பேரம் நடந்த மேசையில் வீரனுக்கு நாற்காலி போடப்படவில்லை. பேச்சில் இடமே தராதவன் தலையில் பேச்சு முறிந்த நட்டத்தை இறக்குவது அநியாயம்.

ஐரோப்பாவில் இப்படியொரு அநியாயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மான் பெரிய நட்சத்திரம் அல்ல, நடுக்கள வீரர். 1990இல் ஒப்பந்தம் முடிந்ததும் பிரான்ஸின் டன்கிர்க் அணிக்குப் போக விரும்பினார். கிளப் மாற்றுத்தொகை கேட்டு மறித்தது. அவர் சம்பளத்தைக் கால்பங்காகக் குறைக்கவும் முன்வந்தது. அவர் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விருப்பப்படி அணி மாறுவதும், அதனால் கோடிகளில் சம்பாதிப்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தவை. வழக்காடிய ஆண்டுகளில் ஆட்டக் காலத்தை இழந்த போஸ்மானோ பின்னாளில் வறுமைக்கும் குடிக்கும் ஆளானார். அவரால் செழித்த விளையாட்டு அவரைக் கைவிட்டுவிட்டது.

அப்படியானால் பையனை அனுப்பக் கூடாதா? அனுப்பக் கூடாது என்று சொல்கிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். அடிவாரத்துப் பையனுக்குப் பந்தை விட்டால் பாதுகாப்பான உத்தியோகம் காத்திருக்கிறது என்பது போலப் பேசுகிறோம். பள்ளியைப் பாதியில் விட்டுத் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் ஏறி வெளிமாநிலம் போகிறவனுக்கும், திருப்பூர் கம்பெனிக்குப் போகிறவனுக்கும் எந்த உத்தரவாதம் இருக்கிறது? வறுமையைக் காரணம் காட்டி ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டை மறுப்பது, இருக்கிற ஒரு மகிழ்ச்சியையும் பிடுங்குவதுதான். நடுக்களத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துப் பந்தை அனுப்பத் தெரிவது ஒரு அறிவு. அது கோப்பையில் முடிந்தால்தான் மதிப்பு என்பதை ஏற்க முடியாது.

ஆட்டத்தையும் வேலையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. வேல்ஸின் உச்ச லீக்கில்கூடப் பெரும்பாலான அணிகள் பகுதிநேர அணிகள்தான். பகலில் வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். நமக்கும் இது புதிதல்ல. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகளே சென்னைக் கால்பந்தை நீண்ட காலம் தாங்கின. ஆடி முடித்தவர் மேசைக்குத் திரும்பி ஓய்வூதியம் வரை போனார். அதைச் சின்ன வாழ்க்கை என்று நினைக்கத் தொடங்கியது நம் பிழை. அந்த ஆள்சேர்ப்பு இன்று பழைய அளவில் இல்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, வரவேற்க வேண்டியது. ஆனால் அது பதக்கத்தையும் சான்றிதழையும் பார்த்துத் தரப்படுவது. ஐந்தாம் இடம் பிடித்த அணியில் பத்து வருடம் உழைத்தவனுக்கு அதில் இடம் கிடைப்பது கடினம்.

பிள்ளையைக் களத்துக்கு அழைக்கிறவர்கள் அவனுடைய தோல்விக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும். பள்ளி, விடுதி, சங்கம், கிளப், அரசு ஆகிய எல்லோரும் இதில் அடக்கம். ஆகவே முள்ளுக்குறிச்சியிலும் மலை மேலும் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பையனைத் தடுக்காதீர்கள். அழைத்துப் போக வருகிறவரிடம், படிப்பு நிற்காமல் யார் பார்த்துக்கொள்வார்கள், அடிபட்டால் செலவு யாருடையது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.