வினைப்பயனும் ஒரு பயிற்சியாளரும்

1957இல் பிறந்த கிளென் ஹாடில் டாட்டன்ஹாம், மொனாக்கோ கால்பந்து அணிகளின் நடுக்கள ஆட்டக்காரராக இருந்தவர். இங்கிலாந்துக்காக 53 ஆட்டங்கள் ஆடியவர். ஸ்விண்டன், செல்சி அணிகளைப் பயிற்றுவித்தபின், 1996இல் தேசிய அணியின் பயிற்சியாளரானார். மாற்றுத்திறனாளிகள் முற்பிறவி வினையின் பயனை அனுபவிக்கிறார்கள் என்று அவர் கூறியதாக 1999 ஜனவரியில் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் வெளியிட்டது. தம் கருத்து திரிக்கப்பட்டதாகக் கூறி அவர் மறுத்தார். ஆயினும் பிப்ரவரி 2ஆம் தேதி பதவி இழந்தார்.

வினைக்கோட்பாடு இருவகையில் பயன்படுகிறது. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது ஒன்று. பிறர் துன்பத்துக்குக் காரணம் கற்பிப்பது மற்றொன்று; ஹாடில் கூறியதாக வெளியானது இவ்வகையே. முன்னது ஒழுக்கத்தை வளர்க்கும். பின்னது இரக்கத்தை வற்றச்செய்யும். யோவான் நற்செய்தியிலும், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் நிலைக்கு அவர் பாவமோ பெற்றோர் பாவமோ காரணமல்ல என்றே இயேசு விடையளிக்கிறார். வினை தன்னைத் திருத்திக்கொள்வதற்கான அளவுகோல்; பிறரை அளக்க அது உதவாது.