குரங்கைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கேள்வி: பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். சின்ன வயதில், லயத்துப் பிள்ளைகள் ஒரு குரங்குக்குச் சட்டை மாட்டி ஆடவிட்டுச் சிரித்தோம். பெத்தாய்க் காய் விற்க வந்த பூர்வகுடிப் பெரியவர், "சிரிக்காதீங்க, இடி விழும்" என்று பதறிப்போனார். இப்போது என் பேரப்பிள்ளைகள் அதே கூத்தைக் கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் சொன்னது மூடநம்பிக்கையா, சாமி? நம் சமயத்தில் இதற்கு இடமுண்டா?
- ஒரு வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: அந்தப் பெரியவர் கென்சியூ இனத்தவராக இருக்க வேண்டும், அம்மா. பாலிங்கை அடுத்த லுபோக் உலு லெகோங் அவர்கள் ஊர். வடமலாயாக் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்களில் ஒரு பிரிவினர். அவர்கள் முன்னோருக்கு இடியே தெய்வம். கரேய் என்று பெயர். விலங்கைக் கேலி செய்தால் கரேய் பொறுக்கமாட்டார், புயல் எழும் என்பது அவர்கள் நம்பிக்கை. குரங்குக்கு மட்டுமல்ல, அட்டைக்கும் இந்தக் காப்பு உண்டு. ரப்பர் பால் வெட்டப் போன நம் பாட்டிமார் காலிலிருந்து பிய்த்தெறிந்த அதே அட்டைதான்!

அன்று தவறு செய்தவர் என்ன செய்வார் தெரியுமா? தன் கெண்டைக்காலைக் கீறுவார். வடியும் இரத்தத்தை மூங்கில் குழாயில் தண்ணீரோடு கலந்து, இடி முழங்கும் வானத்தை நோக்கி வீசுவார். 1924, 25-இல் செமாங் மக்களிடையே தங்கிய பால் ஷெபெஸ்டா பாதிரியார் இதைப் பதிவு செய்திருக்கிறார். தன் பிழைக்குத் தன் இரத்தம்; இன்னோர் உயிரின் கழுத்து அங்கே நீளவில்லை. நேர்த்திக்கடனுக்கு ஆட்டைத் தேடும் நாம் இதை மூடநம்பிக்கை என்று எந்த வாயால் சொல்வது?

சிற்றுயிரையும் மதிக்க நம் சமயத்தில் தாராளமாக இடமுண்டு. திருவானைக்காவில் ஈசனுக்கு வலையால் பந்தல் போட்ட சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்கிறது பெரியபுராணம். சிலை செய்ய மரம் வெட்டுமுன், அதில் குடியிருக்கும் உயிர்களை வணங்கி, வேறிடம் போகும்படி வேண்டச் சொல்கிறது வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை. தோட்டத்து முனீஸ்வரர் மரத்தை உத்தரவு கேட்காமல் யாராவது தொட்டதுண்டா?

பேரப்பிள்ளைகளிடம் இடியைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். அந்தக் குரங்கின் கழுத்துக் கயிற்றைக் காட்டுங்கள். அது ஆடுகிறதா, தப்பிக்கப் பார்க்கிறதா என்று கேளுங்கள். பதிலை அவர்களே சொல்லட்டும்.