அடுத்தவர் வீட்டை அளப்பது

இன்டீரியர் டிசைன் என்பது, கட்டி முடித்த சுவர்களுக்குள் மனிதர்கள் எங்கே சமைப்பார்கள், எங்கே படுப்பார்கள், துணிமணியையும் பாத்திரபண்டங்களையும் எங்கே வைப்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கேற்ப இடம், வெளிச்சம், மின்னிணைப்பு, மரவேலை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் தொழில். சுவரின் நிறமும் திரைச்சீலையும் அதன் கடைசிக் கட்டத்தில்தான் வருகின்றன. ஆனால் பிளஸ் டூ முடித்து இந்தப் படிப்பைத் தேடி வரும் பலரையும் இழுத்து வருவது அந்தக் கடைசிக் கட்டம்தான். அழகான அறைகளைப் பார்த்தவுடன் மனம் பூரிக்கிறது, தனக்கு ரசனை இருக்கிறது, ஆகவே இதைப் படிக்கலாம் என்று நினைக்கிறார்கள். ரசனை வேண்டியதுதான். முப்பது ஆண்டு ஒருவரை இந்தத் தொழிலில் நிலைக்க வைப்பதற்கு அது மட்டும் போதாது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் அன்றாடத்தில் உண்மையான அக்கறை வேண்டும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த அக்கறை தன்னிடம் உண்டா என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயருக்குக் காவல் தருகிறது; கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ‘இன்டீரியர் டிசைனர்’ என்ற பெயருக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அதே 1972இல் தொடங்கிய இந்திய இன்டீரியர் டிசைனர்கள் கழகம் தொழில்முறையாளர்களின் அமைப்பு. அதில் சேர்ந்தால்தான் தொழில் செய்யலாம் என்ற கட்டாயம் கிடையாது. ஆறு மாத கணினி வகுப்பு முடித்தவரும் போர்டு மாட்டலாம், எதுவும் படிக்காதவரும் மாட்டலாம். சட்டம் கேட்காத படிப்புக்கு மூன்று, நான்கு ஆண்டுகளும் சில லட்சங்களும் செலவழிக்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

படிப்பு வழிகள் பல. நான்காண்டு பி.டெஸ்., மூன்றாண்டு பி.எஸ்சி., ஓராண்டு டிப்ளமோ எல்லாம் உண்டு. ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்துவிட்டு உள்வேலைக்கு வருகிறவர்களும் ஏராளம். அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் மரச்சாமான் வடிவமைப்பையும் உள்வடிவமைப்பையும் சேர்த்துக் கற்றுத்தருகிறது. அதே ஊரின் செப்ட் கல்வி நிறுவனம் 1991இல் இதற்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பின் ஒரு வேர் மனையியல் துறைகளில் இருக்கிறது. 1957இல் கோயம்புத்தூரில் பெண்களுக்காகத் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி போன்ற இடங்களில், வீட்டை நிர்வகிக்கும் பாடத்தோடு வீட்டை அமைக்கும் பாடமும் சேர்ந்தே வளர்ந்தது. ஓவியப் பள்ளிகளின் வழி வந்த படிப்பைவிட இது ஒரு படி கீழானது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பு தவறு. ஒரு வீட்டில் யார் எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார்கள் என்று கவனிக்கும் பழக்கம் மனையியலில்தான் முதலில் இருந்தது.

தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக வழிகாட்டியது 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கை. அதில் அவர்கள் பெரிதாகப் போற்றிய பொருள் நம் வீடுகளில் இருக்கும் சொம்பு. அது எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எப்படிச் சாயும், கழுவ எளிதா, விலை என்ன என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். வடிவமைப்புக் கல்வி அந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பொருள் அழகாயிருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் மாணவர், பாடத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

அடுத்தவருக்காக யோசிப்பது எவ்வளவு தூரம் போகும், எங்கே சறுக்கும் என்பதை ஒரே எடுத்துக்காட்டில் பார்க்க விரும்பினால் பிராங்பர்ட் சமையலறையைப் பார்க்கலாம். 1926இல், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவர் நடக்கும் தூரத்தையும் வேலைக்குப் பிடிக்கும் நேரத்தையும் கணக்கிட்டு, ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையை முன்மாதிரியாக வைத்து, ஒவ்வொரு இழுப்பறையையும் அதனதன் இடத்தில் வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தன் அனுபவத்தில் இல்லாத வேலையைக் கவனித்தும் கணக்கிட்டும் அவர் புரிந்துகொண்டார். இந்தத் தொழிலின் நம்பிக்கையே அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சமையலறையில் ஒருவர்தான் நிற்க முடியும்; பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பேசிக்கொண்டே சமைத்துப் பழகிய பெண்கள் தனியாக அடைபட்டுப்போனார்கள் என்ற குறையும் பிறகு எழுந்தது. நடையைக் கணக்கிட்டவர் பேச்சைக் கணக்கில் எடுக்கவில்லை.

நம் ஊர்ச் சமையலறைக்கு அந்தக் கணக்கு இன்னும் நுட்பமாக வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான மேடை உயரம் 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். அந்த உயரமுள்ளவர் நிற்கும்போது முழங்கை தரையிலிருந்து சுமார் 95 சென்டிமீட்டரில் இருக்கும். காய் நறுக்க முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. அப்படியானால் 85 சரி. ஆனால் அதே மேடையில் அடுப்பை வைத்து, அதன்மேல் இட்லிக் குண்டானை ஏற்றினால், கொதிக்கும் ஆவி முகத்துக்கு நேரே வருகிறது. தட்டை எடுக்கக் கையைத் தோளுக்குமேல் தூக்க வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் அடுப்படியில் ஒரு மனைப்பலகை கிடப்பதற்குக் காரணம் இதுதான். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் பத்து சென்டிமீட்டர் தாழ்த்தினால் பிரச்சினை தீரும். இதற்குத் தேவையான இந்திய உடல் அளவுகளைத் தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்து, 1997இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் நூலாக வெளியிட்டது. ஆயினும் இறக்குமதி அளவுகளை அப்படியே வரைபடத்தில் போடும் வழக்கம் போகவில்லை. முறையான படிப்பு ஒருவருக்குத் தர வேண்டிய முதல் பயன், அச்சில் வந்த அளவைச் சந்தேகித்து, அந்த வீட்டில் சமைப்பவரை நிற்கச் சொல்லி அளக்கும் துணிவு.

இரண்டாவது பயன் பொருளறிவு. பிளைவுட் எட்டுக்கு நாலு அடித் தகடாக வருகிறது. அலமாரியின் ஆழத்தை இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால், ரம்பம் தின்பது போக ஒரு தகட்டின் அகலத்தில் இரண்டு பக்கப் பலகைகள் கிடைக்கும். இரண்டேகால் அடி என்று கணினியில் சாதாரணமாக வரைந்துவிட்டால் ஒன்றுதான் கிடைக்கும். மிச்சம் துண்டாகிப் போகும், செலவு வீட்டுக்காரர் தலையில் விழும். எம்.ஆர். தர பிளைவுட் காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும். சிங்க்குக்கு அடியில் அதைப் போட்டால் சில மழைக்காலங்களில் உப்பி உரியும். அங்கே 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனைக்கு உட்படும் பி.டபிள்யூ.பி. தரம்தான் வேண்டும். சன்மைக்காவால் மூடிய பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால், இது அறிவை மட்டுமல்லாமல் நேர்மையையும் சேர்த்துக் கேட்கும் இடம்.

வேலைக்குப் போன முதல் சில ஆண்டுகளில் சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். ஆட்டோகேடில் மின்சாரப் புள்ளிகள் குறிப்பது, கடை கடையாக விலை கேட்பது, சைட்டில் ஆசாரிக்கு அளவு சொல்வது என்று நாள் போகும். கல்லூரியில் கனவு கண்ட பெரிய ஹால் கண்ணிலேயே படாது. இந்தக் கட்டத்தில்தான் பலர் விலகுகிறார்கள். ஆனால் கல்லூரி சொல்லித்தராததைக் கற்கும் இடமும் இதுவே. சென்னைச் சைட்டுகளில் ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தச்சர்கள் நிறைய. கீல் எங்கே இழுக்கும், எந்தக் கதவு வருடம் போனால் தொங்கும் என்று அவர்களின் கைக்குத் தெரியும். “அண்ணே, இதை நீங்கன்னா எப்படிச் செய்வீங்க?” என்று கேட்கத் தெரிந்த பட்டதாரி சீக்கிரம் தேறுகிறார்.

கடினமான பகுதி வீட்டுக்காரர்களோடு பேசுவது. முதல் சந்திப்பில் பணம் கொடுப்பவர் பேசுவார். அந்தச் சமையலறையில் தினமும் நிற்கப்போகிறவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலியோடு இரவில் கழிவறைக்கு எழும் மாமியார் அந்தக் கூட்டத்திலேயே இருக்கமாட்டார். இவர்களிடம் தனித்தனியாகக் கேட்டறிவது டிசைனரின் கடமை. அவர்கள் சொன்னதற்கும் பணம் கொடுப்பவர் ஆசைப்படுவதற்கும் நடுவே வழி காண்பது அனுபவத்தில்தான் வரும். கூலியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்றோ மொத்தச் செலவில் இவ்வளவு சதவீதம் என்றோ வெளிப்படையாக வாங்குபவர்கள் உண்டு. கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு டைல்ஸ் கடையிலும் விளக்குக் கடையிலும் கமிஷன் வாங்குபவர்களும் உண்டு. கமிஷன் பழகிய பிறகு, எந்த டைல்ஸ் இந்த வீட்டுக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வராது. தொழிலில் நுழையும் முதல் வருடத்திலேயே இதில் ஒரு முடிவு எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு எடுப்பது கடினம்.

வேறு வேலை பார்த்துவிட்டு முப்பத்தைந்து, நாற்பது வயதில் இதற்கு வருகிறவர்களுக்கு நான்காண்டுப் படிப்பு சாத்தியப்படாமல் போகலாம். அவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு: வீடு நடத்திய அனுபவம். குழந்தை வளர்த்தவருக்குக் கூர்முனை மேசையின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் குறைவது வரைபட மொழியும் பொருளறிவும். ஓராண்டு டிப்ளமோவும் ஒரு நல்ல அலுவலகத்தில் இரண்டு ஆண்டு உதவியாளர் வேலையும் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டும்.

படிப்பவர், முடித்தவர், இடையில் வந்தவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு பயிற்சி இருக்கிறது. வேலை முடித்துச் சாவியைக் கொடுத்த வீட்டுக்கு ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி போய்ப் பார்ப்பது. எந்த இழுப்பறை திறக்கப்படாமல் கிடக்கிறது, எந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் வயர் தொங்குகிறது, துணி மடிக்கும் வேலை எந்தக் கட்டிலுக்கு மாறிவிட்டது என்று குறித்துக்கொண்டு வருவது. மாணவர்கள் தங்கள் சொந்த வீட்டிலும் அண்டை வீட்டிலும் இதைத் தொடங்கலாம். ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்; இப்படி அளந்து குறித்த பத்து வீடுகள், கல்லூரிச் சேர்க்கை நேர்காணலிலும் முதல் வேலைக்கான நேர்காணலிலும் மெருகேற்றிய கணினிப் படங்களைவிடக் கனமான சான்றாக நிற்கும்.