ஒரே ஸ்விட்ச்

மலையடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோ கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிறவர்கள் கையடக்க ரவுட்டரை எடுத்துப் போகலாமா என்று கேட்டால், தாராளமாக எடுத்துப் போகலாம் என்பதே என் கட்சி. நெட்டை விட்டு விலகத்தானே போகிறோம், அங்கேயும் அதுவா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ரவுட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாலும் ஐந்து பேருக்கு ஐந்து போன் கூடவே வருகிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் ஒவ்வொரு போனும் டவரைத் தேடித் தேடிச் சூடாகி, பொழுது சாய்வதற்குள் பாதி சார்ஜைத் தின்றுவிடும். ஒரு கோடாவது வந்திருக்காதா என்ற நப்பாசையில் அவரவர் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும் நிற்பதில்லை. இணைப்பு முழுதாக இருக்கும் இடத்தையும் அறவே இல்லாத இடத்தையும் விட, அரைகுறையாக இருக்கும் இடத்தில்தான் மனம் அதிகம் அலைகிறது என்று நினைக்கிறேன்.

எல்லாப் போன்களையும் ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வைத்தால், டவரோடு மல்லுக்கட்டும் வேலை அந்தச் சின்னப் பெட்டிக்குப் போய்விடுகிறது. அதைத் துணிப்பையில் போட்டு, டவர் இருக்கும் திசை பார்த்துக் கிளையில் உயரக் கட்டலாம். (குரங்கு நடமாட்டம் இருந்தால் கூடாரத்தின் உச்சிக் கொக்கியே உத்தமம்.) இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதில் இருக்கும் ஒரே ஸ்விட்ச். ஊருக்கே பஞ்சாயத்து டிவி ஒன்றுதான் இருந்த காலத்தில், அது எப்போது ஓடும், எப்போது அணையும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரவுட்டரும் அப்படி ஒரு பொது நேரத்தைக் கேட்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் போட்டு, வானிலை பார்த்து, வீட்டுக்குத் தகவல் சொல்லி அணைத்துவிடலாம். யாராவது ரகசியமாகத் தன் போன் டேட்டாவைத் திறக்க மாட்டாரா? திறக்கலாம்தான். ஆனால் கை பழக்கத்தில் போவதற்கும், கூடிப் பேசி முடிவெடுத்ததைத் தெரிந்தே மீறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பெரும்பாலானோர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள்.

ஆபத்துக்கு உதவுமே என்று சிலர் ரவுட்டரை ஆதரிப்பார்கள். அந்த வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ரவுட்டரும் அதே டவரைத்தான் நம்பியிருக்கிறது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் 2300-ஐ விடத் தொலைவு போகும் என்றாலும், குறுக்கே ஒரு மலைமுகடு வந்தால் அவையும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அவசர உதவி எண்ணான 112-க்கு அழைக்கும் போன், தன் கம்பெனி டவர் கிடைக்காவிட்டாலும் அருகில் உள்ள வேறொரு கம்பெனியின் டவரைப் பிடித்துப் பேச முயலும். ஒரே சிம் போட்ட ரவுட்டரால் அது முடியாது. அவசரம் என்றால் முதலில் ஏரோபிளேன் மோடை எடுக்க வேண்டும் என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளலாம் என்றால், நம் நாட்டில் அரசு அனுமதியின்றி அது சட்டவிரோதம். காட்டில் ஆபத்து வெறும் பேச்சல்ல: குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய தீ, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. வனத்துறை அனுமதியும், வழி தெரிந்த ஆளும், போகும் தடத்தை வீட்டில் சொல்லிவைப்பதும் தரும் காப்பை எந்தப் பெட்டியும் தராது.

வயதான அம்மாவை ஊரில் விட்டு வருகிறவருக்கு ஒரு மணி நேரக் கணக்கு போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வைஃபை காலிங் வசதி இருந்தால், அம்மா வழக்கமான நம்பருக்கே கூப்பிடலாம்; ரவுட்டர் வழியாக மணி அடிக்கும். அப்படிப்பட்டவர் கூட்டத்தில் இருந்தால் இரவு முழுக்கப் பெட்டி ஓடட்டும், பவர் பேங்கைச் செருகிவிடலாம். அவர் போனைத் தவிர மற்றவை வைஃபையையும் அணைத்துக்கொள்ளட்டும்.