வேற்றூரில் ஓர் இருக்கை

அயலூரில் தங்க நேர்ந்தவர், அவ்வூருக்குப் பழகுமுன்பே தம் ஊரின் சிறு துண்டொன்றை அங்கே நட்டுவிட முயல்வர் என்பதற்கு, கிளியூர் அருவியைக் கொண்ட சேர்வராயன் மலையே தக்க சான்றாகும். 1820 முதல் 1829 வரை சேலத்தின் கலெக்டராக, அதாவது வரி தண்டி மாவட்டத்தை ஆளும் ஆங்கிலேய அதிகாரியாக, இருந்த காக்பர்ன், அரபு நிலத்துக் காபியோடு தம் நாட்டவர் விரும்பும் ஆப்பிளையும் பேரியையும் இங்கு பயிரிடச் செய்தார். பின்வந்த ஐரோப்பியர் மாலையில் அமர்ந்து சமவெளியைப் பார்த்த பாறை முனைக்கு ‘லேடீஸ் சீட்’ எனப் பெயர் நிலைத்தது. அந்நிய ஊரில் மனிதருக்கு முதலில் தேவைப்படுவது வீட்டைவிட, நாள்தோறும் சென்று அமரத்தக்க ஓர் இடமே போலும்.

இம்மலையின் பழங்குடியினரான மலையாளிகள், பெயரால் கேரளத்தாரை நினைவூட்டினும் தமிழ் பேசுபவர்கள். ‘மலையை ஆள்பவர்’ என அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். அவர்களுடைய மரபுக் கதையும் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்கிறது. ஆங்கிலேயர் தம் ஊரைப் பழமரங்களாக நட்டுவைக்க, இவர்களோ தொலைவிலுள்ள ஒரு நகரத்தைக் கதையாகவே காத்து, சேர்வராயன் குகைக்கோயிலில் மலையையே தெய்வமாக்கிக்கொண்டனர். இம்மலைமேலுள்ள ஏற்காட்டு ஏரியின் மிகைநீர் ஏறத்தாழ 300 அடி விழும் கிளியூர்ப் பள்ளத்தாக்கின் சரிவுகளில், காக்பர்ன் கொணர்ந்த காபிச் செடியின் பழங்களை இன்று பறிப்பவை உள்ளூர்க் கைகளே.